உலை நின்ற பிறகு: கல்பாக்கத்துச் சூடும் வண்டலூர்ச் சாலையும்

கல்பாக்கம் அணுமின் நிலையத்தை நடுவில் வைத்து 16 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் அதற்குள் மாமல்லபுரம் வரும், திருக்கழுக்குன்றம் வரும், சதுரங்கப்பட்டினமும் புதுப்பட்டினமும் வரும். பெரிய விபத்து நேர்ந்தால் சுற்றுப்புற மக்களைக் காப்பதற்கான அவசரகாலத் திட்டம் அந்த வட்டத்துக்காக எழுதப்பட்டது. வண்டலூர் அதற்கு வெகு வெளியே இருக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஊரப்பாக்கம், பெருங்களத்தூர், முடிச்சூர், தாம்பரம் என்று வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்குக் கல்பாக்கம் என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரில் புதுச்சேரி போகும்போது பெயர்ப் பலகையில் கண்ணில் படும் ஓர் ஊர். நிலநடுக்கச் செய்தியோ சுனாமி எச்சரிக்கையோ வந்தால்தான் அங்கே அணுஉலை இருப்பது நினைவுக்கு வருகிறது. அப்போது எழும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: கல்பாக்கம் வெடித்தால் நம் கதி என்ன?

அணுகுண்டு போல அது வெடிக்காது என்று நிலையத்தார் பதில் சொல்கிறார்கள். சரியான பதில். அங்குள்ள இரண்டு மின் உலைகளுக்கும் எரிபொருள் செறிவூட்டாத இயற்கை யுரேனியம். அதில் பிளவுபடும் வகை 0.7 சதவீதம்தான். ஆனால் கேட்பவரின் கலக்கம் இந்தப் பதிலால் தீர்வதில்லை, தீரவும் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளில் மிஞ்சி நிற்கும் சூட்டை யார், எதைக் கொண்டு, எத்தனை காலம் தணிக்கிறார்கள்? ஒருநாள் தணிக்க முடியாமல் போனால் நம் கையில் எவ்வளவு நேரம் இருக்கும்? அதை நமக்கு யார், எப்போது சொல்வார்கள்?

விறகடுப்பில் விறகை வெளியே இழுத்துப் போட்டால் தீ அடங்கிவிடும். அணு எரிபொருளில் அது நடக்காது. யுரேனிய அணு பிளந்து உண்டாகும் துண்டுகள் நிலையற்றவை. உலையை நிறுத்திய பின்னும் அவை சிதைந்துகொண்டே இருக்கும். சிதையும்போதெல்லாம் வெப்பம் விடும். இந்தச் சிதைவை நிறுத்த ஒரு பொத்தானும் கிடையாது. கல்பாக்கத்தின் ஓர் உலை முழு வேகத்தில் ஓடும்போது உண்டாக்கும் வெப்பம் ஏறத்தாழ 800 மெகாவாட். அதில் 220 மெகாவாட் மின்சாரமாகிறது. நிறுத்திய கணத்தில் அந்த வெப்பத்தில் 6 முதல் 7 சதவீதம் மிஞ்சும், அதாவது 50 மெகாவாட் அளவுக்கு. ஒரு மணி நேரத்தில் அது 1.5 சதவீதத்துக்கு அருகில் இறங்கும். ஒரு நாள் கழித்து அரை சதவீதம். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் அந்த அரை சதவீதமே 4 மெகாவாட். அதன் பின் இறக்கம் மிக மெதுவானது. வாரங்கள், மாதங்கள், ஆண்டுகள் என்று நீளும்.

ஆகவே அணுஉலைப் பாதுகாப்பின் பெரும்பகுதி ஓடும் உலையைப் பற்றியதே அன்று. நின்ற உலைக்கும் அதிலிருந்து எடுத்துப் போட்ட எரிபொருளுக்கும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீருக்குப் பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே ஷிப்ட்டுக்கு ஆள் வர வேண்டும்.

சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. இரண்டாவது 1985 ஆகஸ்டில். கனநீரைப் பயன்படுத்தும் வகை. ஒவ்வொன்றிலும் 306 கிடைமட்டக் குழாய்கள். அவற்றுள் அரை மீட்டர் நீளமும் 15 கிலோ சொச்சம் எடையும் கொண்ட எரிபொருள் கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் புதுக் கட்டை நுழைத்து மறுபக்கம் பழையதை எடுக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. எடுத்த கட்டை வெறுங்கண்ணால் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது, பார்த்தவர் பிழைக்கமாட்டார். அது நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறது. உலைக் கட்டடத்துக்கு வெளியே, தனிக் கட்டடத்தில் இருக்கும் ஆழமான தொட்டி. தண்ணீர் அங்கே இரண்டு வேலை செய்கிறது: சூட்டை வாங்கிக்கொள்கிறது, கதிர்வீச்சைத் தடுக்கிறது. மேலே சில மீட்டர் தண்ணீர் நின்றால் போதும், கரையில் பணியாளர் நடமாடலாம்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொட்டிகள் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத் தொட்டிகளைப் போன்றவை அல்ல. இயற்கை யுரேனியத்தை அதிகம் எரிக்க முடியாது. எரித்தது குறைவென்றால் மிஞ்சும் சூடும் குறைவு. பத்து ஆண்டு ஆறிய ஒரு கட்டு விடும் வெப்பம் சில வாட்தான், வீட்டுச் சுவரில் எரியும் சிறிய எல்.இ.டி. விளக்கின் அளவு. சாதாரணத் தண்ணீரில் இந்தக் கட்டுகளை எப்படி அடுக்கினாலும் தொடர்வினை கிளம்பாது. முதல் உலை 2018 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கணக்கில் ஓடாத உலையின் எரிபொருள் அந்த அளவுக்கு ஆறியிருக்கும்.

அளவு புரிய ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கல்பாக்கம் தொட்டியின் எண்கள் அல்ல இவை, கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. 2,000 கனமீட்டர் தண்ணீர் உள்ள தொட்டி. அதிலுள்ள எரிபொருள் 1 மெகாவாட் வெப்பம் விடுகிறது. மின்சாரம் போய்ப் பம்புகள் நின்றுவிட்டன. 40 டிகிரியில் இருக்கும் தண்ணீர் கொதிநிலையைத் தொட ஏறத்தாழ ஆறு நாள் ஆகும். கொதிக்கத் தொடங்கிய பின் நாளொன்றுக்கு 38 டன் தண்ணீர் ஆவியாகும். தென்சென்னைப் புறநகரில் அடுக்குமாடிக்கு வரும் 12,000 லிட்டர் லாரிகளில் மூன்றோ நான்கோ தினமும் வந்து ஊற்றினால் மட்டம் இறங்காது. மேடவாக்கத்தில் ஒரே ஒரு குடியிருப்பு வளாகம் கோடையில் இதைவிட அதிகம் வாங்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்து இவ்வளவுதானா என்று நிம்மதி அடையலாம். நானும் முதலில் நிம்மதியையே உணர்ந்தேன். ஆனால் கணக்கு சொல்வதைச் சரியாகப் படிக்க வேண்டும். பயன்படுத்திய எரிபொருளின் ஆபத்து மெதுவானது. அதனாலேயே அது தடுக்கக்கூடியது. அந்த ஆறு நாளே பாதுகாப்பு. மூன்று லாரி உள்ளே போகச் சாலை இருக்க வேண்டும். லாரி தேவை என்று முதல் நாளே யாராவது வெளியே சொல்ல வேண்டும். சொல்வதை நம்பும் மக்கள் இருக்க வேண்டும். இவற்றில் ஒவ்வொன்றும் தாமதமாகும்போது அந்த ஆறு நாளிலிருந்து ஒரு துண்டு கழிகிறது.

2011 மார்ச்சில் சுனாமி தாக்கிய ஃபுகுஷிமாவில் கழிந்தது அப்படித்தான். நான்காம் உலை அன்று ஓடவே இல்லை. பராமரிப்புக்காக எரிபொருள் முழுவதும் எடுக்கப்பட்டு, மேல்தளத் தொட்டியில் 1,535 தொகுப்புகள் கிடந்தன. அவற்றில் 204 மட்டுமே புதியவை. மார்ச் 15 அன்று அந்தக் கட்டடம் வெடித்தது. தொட்டி வறண்டுவிட்டது என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவரே அறிவித்தார். மூன்றாம் உலைத் தொட்டியின் மேல் ராணுவ ஹெலிகாப்டர்கள் தண்ணீர் கொட்டியதை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. உண்மையில் நான்காம் தொட்டியில் தண்ணீர் இருந்தது. பக்கத்து உலையிலிருந்து பொதுவான குழாய் வழியே வந்த ஹைட்ரஜனே வெடித்தது. ஆனால் அது தெரியவந்தது பிறகு. நிலைமை கைமீறினால் 250 கிலோமீட்டர் வரை, அதாவது டோக்கியோ உள்பட, மக்கள் வெளியேற நேரிடலாம் என்ற கணிப்பு மார்ச் 25 அன்று ஜப்பானியப் பிரதமரின் மேசைக்குப் போனது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் ஒரு நம்பகமான அளவுமானி அன்று வேலை செய்திருந்தால் உலகத்தின் பயத்தில் பாதி மிச்சமாகியிருக்கும்.

கல்பாக்கத்துக்கும் கடல் ஒருமுறை வந்தது. 2004 டிசம்பர் 26 காலை இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. முதல் உலை குழாய் மாற்றும் வேலைக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கடலடியில் நீளும் சுரங்கத்தின் வழியாக அலை பம்பு அறைக்குள் ஏறியது. கடல்நீரை இறைக்கும் பெரிய பம்புகள் நின்றன. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் உலையை நிறுத்தினார்கள், குளிர்விப்பு தொடர்ந்தது, ஒரு வாரத்தில் உலை மீண்டும் ஓடியது. பாராட்ட வேண்டிய காரியம். அதே காலையில் அணுசக்தித் துறையின் குடியிருப்புக்குள் அலை புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. நிலையத்தை நடத்த வேண்டியவர்களின் வீடுகளே அடிபட்ட நாள் அது. பேரிடர் வரும்போது உலைக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று பிரிந்து வருவதில்லை. பாதுகாப்பு அறிக்கைகளில் பம்புக்கு மாற்றுப் பம்பு உண்டு, டீசல் ஜெனரேட்டருக்கு மாற்று உண்டு. மனிதருக்கு மாற்று யார் என்பதைக் கேட்க அந்த ஒரு காலை போதும்.

அணுமின் நிலையத் தொட்டியில் எரிபொருள் நிரந்தரமாகக் கிடப்பதில்லை. சில ஆண்டு ஆறியதும் அதே வளாகத்திலுள்ள மறுபதப்படுத்தும் ஆலைக்குப் போகும். 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய அந்த ஆலை ஆண்டுக்கு 100 டன் எரிபொருளைக் கையாளும் திறன் கொண்டது. அங்கே கட்டுகளை வெட்டி நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, புளூட்டோனியத்தையும் யுரேனியத்தையும் தனியே பிரிக்கிறார்கள். மறுபதப்படுத்திவிட்டால் கழிவுப் பிரச்சினை தீர்ந்தது என்று பேசுவோர் உண்டு. தீரவில்லை, இடம் மாறுகிறது. சூடு விடும் சிதைவுப் பொருட்கள் எல்லாம் அமிலக் கரைசலில் தங்கிவிடுகின்றன. அந்தத் திரவத்தைக் கண்ணாடியோடு உருக்கித் திடமாக்கும் வரை துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளில் வைத்துக் குளிர்விக்க வேண்டும். திண்ம எரிபொருளில் உலோக உறைக்குள் அடைபட்டிருந்தது இப்போது திரவமாக நிற்கிறது.

இத்தகைய தொட்டியில் குளிர்விப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1957 செப்டம்பர் 29 சாட்சி. சோவியத் ஒன்றியத்தின் உரால் மலைப் பகுதியில் மாயக் ஆலையின் கழிவுத் தொட்டி ஒன்றில் குளிர்விக்கும் அமைப்பு கெட்டது. திரவம் வற்றியது, எஞ்சிய உப்புகள் சூடேறி வெடித்தன. வெளிவந்த கதிரியக்கம் பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியது. அது வேதியியல் வெடிப்புதான். அணுகுண்டு போல வெடிக்காது என்ற பதில் எவ்வளவு சரியோ அவ்வளவு போதாதது என்பதை அந்தத் தொட்டி காட்டிவிட்டது.

கல்பாக்கத்தின் மறுபதப்படுத்தும் ஆலையில் 2003 ஜனவரி 21 அன்று நடந்ததும் தொட்டி பற்றியதே. குறைந்த கதிரியக்கம் கொண்ட கழிவுத் தொட்டியிலிருந்து மாதிரி எடுக்கப் பணியாளர்கள் போனார்கள். ஒரு வால்வு பழுதானதால் உயர் கதிரியக்கத் திரவம் அந்தத் தொட்டிக்குள் வந்திருந்தது. அது வந்துவிட்டதைக் காட்டும் அளவுமானி அந்த இடத்தில் இல்லை. ஆறு பேர் 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை கதிர்வீச்சு வாங்கினார்கள். அணுசக்திப் பணியாளர் ஒருவருக்கு இந்தியாவில் எந்த ஓர் ஆண்டிலும் தாண்டக் கூடாத வரம்பு 30 மில்லிசீவர்ட். தொழிலாளர் சங்கம் பாதுகாப்புக் கோரிக்கைகளை எழுத்தில் வைத்துப் போராடியது. வெளியுலகம் அறிந்தது பல மாதங்கள் கழித்து.

அந்த விபத்தில் வண்டலூருக்கு ஆபத்து ஏதும் இல்லை. வேலிக்கு வெளியே எதுவும் போகவில்லை. இருந்தும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அந்த மாதங்கள். தொட்டி நமக்குத் தரக்கூடிய அவகாசம் நாட்கணக்கு. செய்தி வெளிவர எடுத்துக்கொண்ட நேரம் மாதக்கணக்கு. இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது.

தாமதத்துக்குக் காரணம் தனி மனிதரின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. அமைப்பே அப்படி. 2000ஆம் ஆண்டில் வந்த ஓர் அரசு ஆணை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழுள்ள ஆலைகளை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து எடுத்து, மையத்தின் உள் குழுவிடம் கொடுத்தது. கல்பாக்கம் மறுபதப்படுத்தும் ஆலை அந்த மையத்தைச் சேர்ந்தது. ஒரே வளாகத்தில் மின் உலை வாரியத்தின் பார்வையிலும், அதிலிருந்து எடுத்த எரிபொருளைக் கரைக்கும் ஆலை நடத்துவோரின் சொந்தப் பார்வையிலும் என்று ஆனது. ஒழுங்குமுறை வாரியத்துக்கே போதிய தன்னாட்சி இல்லை என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில் எழுதினார்.

இதற்கு மேல் இன்னொரு திரை இருக்கிறது. அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்துக்காக 2006இல் இந்தியா தன் உலைகளை இரண்டாகப் பிரித்தபோது, கல்பாக்கம் மின் உலைகளும், எரியும்போதே புதிய எரிபொருளை உண்டாக்கும் ஈனுலைகளும், மறுபதப்படுத்தும் ஆலையும் பன்னாட்டு அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு வெளியே வைக்கப்பட்டன. நாட்டுப் பாதுகாப்போடு தொடர்புடைய இடம் என்பது பொருள். அங்கே எவ்வளவு எரிபொருள் கிடக்கிறது என்று சொன்னால் எவ்வளவு புளூட்டோனியம் கிடைக்கும் என்று கணக்கிட்டுவிடலாம், ஆகவே சொல்லமாட்டார்கள். பயன்படுத்திய எரிபொருளையும் கழிவையும் பற்றி நாடுகள் ஒன்றுக்கொன்று அறிக்கை தரும் பன்னாட்டுக் கூட்டு உடன்படிக்கையிலும் இந்தியா சேரவில்லை.

ராணுவ ரகசியத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் எதை மறைக்க வேண்டும் என்பதற்கும் எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கும் இடையில் கோடு போட முடியும். எத்தனை கிலோ புளூட்டோனியம் என்பது எனக்கு வேண்டாம். மின்சாரமும் பம்பும் முழுவதும் நின்றுபோனால் தொட்டியும் திரவக் கழிவுக் கலமும் குறைந்தது எத்தனை நாள் தாங்கும் என்பதை ‘மூன்று நாளுக்கு மேல்’, ‘பத்து நாளுக்கு மேல்’ என்று சொன்னாலே போதும். எதிரி நாட்டுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. திருக்கழுக்குன்றத்துப் பள்ளித் தலைமையாசிரியருக்கு அது எல்லாம்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி உரத்து எழுந்தது கூடங்குளத்தில். 1988இல் ராஜீவ் காந்தி காலத்தில் கையெழுத்தான ஒப்பந்தப்படி பயன்படுத்திய எரிபொருள் அன்றைய சோவியத் ஒன்றியத்துக்கே திரும்ப வேண்டும். 1998இல் அது மாறி இந்தியாவே வைத்துக்கொள்வது என்றானது. இடிந்தகரைப் போராட்டத்தின் நடுவே பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் சுந்தர்ராஜன் தொடுத்த வழக்கில் 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை அனுமதித்தது. கூடவே விதித்த கட்டளைகளில் பயன்படுத்திய எரிபொருளுக்கு உலைக்கு வெளியே தனி மையம் கட்டுவதும் இருந்தது. அவகாசம் 2018இல் ஒருமுறை நீட்டிக்கப்பட்டது. 2019 ஜூலை 10 அன்று நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்புங்கள் என்று முதலமைச்சர் ஸ்டாலின் 2022 பிப்ரவரியில் பிரதமருக்கு எழுதினார். கூடங்குளத்து மக்கள் வழக்காடியும் அடி வாங்கியும் ஒன்றைப் பெற்றார்கள்: தொட்டி எத்தனை ஆண்டில் நிரம்பும் என்பது நீதிமன்ற ஆவணத்தில் ஏறியது. நாற்பது ஆண்டாக உலை ஓடும் கல்பாக்கத்துக்கு அந்த அளவுகூட இல்லை.

இனி வருவது இன்னும் சூடானது. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையில் எரிவது புளூட்டோனியக் கலவை எரிபொருள். கனநீர் உலையில் எரிப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக எரிப்பதால் அதன் ஒவ்வொரு கிலோவும் விடும் எஞ்சிய வெப்பமும் அதிகம். உலையைக் குளிர்விப்பது 1,700 டன்னுக்கு மேற்பட்ட சோடியம். சோடியமும் தண்ணீரும் சேர்ந்தால் பற்றிக்கொள்ளும் என்பதால் எடுத்த எரிபொருளை முதலில் சோடியத்துக்குள்ளேயே ஆற வைத்து, கழுவி, பிறகே தண்ணீர்த் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். வடிவமைத்தவர்கள் இந்தச் சூட்டைப் பற்றி யோசிக்காமல் இல்லை. மின்சாரம் முற்றிலும் போனாலும் சூடான சோடியம் தானாக மேலேறிக் காற்றிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு இறங்கும்படி நான்கு தனித்தனிச் சுற்றுகள் அமைத்திருக்கிறார்கள். நல்ல பொறியியல். அந்தப் பொறியாளர்கள் சென்னைப் புறநகர்க் கல்லூரிகளில் வந்து இதைத் தமிழில் விளக்கினால் கேட்க ஆள் இருக்கிறது.

புறநகரில் எவரிடமும் பேசிப் பாருங்கள், அணு விபத்து என்றால் அயோடின் மாத்திரை என்று ஒரு பதில் வரும். ஓடும் உலை உடைந்தால் அது உதவும். அப்போது வெளிவரும் கதிரியக்க அயோடின் தைராய்டில் போய்த் தங்கும். முன்னதாகவே சாதாரண அயோடினால் தைராய்டை நிரப்பிவிட்டால் அது தங்காது. ஆனால் அந்த அயோடினின் அரை ஆயுள் 8 நாள். மூன்று மாதம் ஆறிய எரிபொருளில் அது பெயரளவுக்குத்தான் இருக்கும். பழைய எரிபொருளிலிருந்து வரக்கூடியது சீசியம்-137. அரை ஆயுள் 30 ஆண்டு. அது மண்ணில் ஒட்டும், புல்லில் ஏறும், பாலில் வரும். அதற்கு அயோடின் மாத்திரையால் பயனில்லை. தெரிந்துகொள்வதும் விலகியிருப்பதும்தான் வழி. எந்த விபத்து என்று சொல்லாமல் பொதுவாக மாத்திரையைப் பேசுவது மக்களைத் தவறான பொருளை நம்ப வைக்கும்.

விலகியிருப்பது என்றதும் சாலை வந்துவிடுகிறது. 16 கிலோமீட்டர் வட்டத்திலிருந்து வடக்கே வர முக்கியமான வழி மூன்று. ஈ.சி.ஆரில் கோவளம். பூஞ்சேரியிலிருந்து திருப்போரூர், கேளம்பாக்கம். திருக்கழுக்குன்றம் வழியே செங்கல்பட்டு போய் அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலை. மூன்றாவது நேராக வண்டலூரைக் கடக்கிறது. இரண்டாவதில் வருபவர்களில் மேற்கே திரும்புவோர் கேளம்பாக்கம் சாலையில் வண்டலூருக்கே வந்து சேர்வார்கள். மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை தொடங்குவதும் வண்டலூரில். 2023 டிசம்பர் 30 முதல் தென்மாவட்டப் பேருந்துகள் புறப்படும் கிளாம்பாக்கம் நிலையமும் அங்கேயே. பொங்கலுக்கு முந்தைய இரவில் கூடுவாஞ்சேரியிலிருந்து பெருங்களத்தூர் வரை நின்றபடி ஊர்ந்த எவருக்கும் இந்த இடத்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டாம். அதுவும் எல்லோரும் மகிழ்ச்சியாக, ஒரே திசையில், முன்பதிவு செய்துகொண்டு போகும் இரவு.

வெளியேறச் சொன்னவர்கள் மட்டும் வெளியேறுவார்கள் என்று திட்டம் நம்பக் கூடாது. 1979 மார்ச்சில் அமெரிக்காவின் திரீ மைல் தீவு விபத்தில் சுமார் 8 கிலோமீட்டருக்குள் இருந்த கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் விலகலாம் என்று ஆளுநர் சொன்னார். அவர்கள் சில ஆயிரம் பேர். கிளம்பிப் போனவர்கள் 1,40,000 பேர் அளவில். ஜப்பானில் வட்டம் இரண்டே நாளில் 3, 10, 20 கிலோமீட்டர் என்று விரிந்தது. ஃபுடாபா மருத்துவமனையிலிருந்து அவசர அவசரமாக ஏற்றப்பட்ட முதிய நோயாளிகள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் வழியிலும் வழியின் முடிவிலும் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது கதிர்வீச்சு அன்று, ஏற்பாடில்லாத பயணம். எல்லா வட்டத்துக்கும் வெளியே, உலையிலிருந்து 40 கிலோமீட்டர் அளவில் இருந்த இடாடே கிராமத்தில் மார்ச் 15 அன்று மழையும் பனியும் சீசியத்தை இறக்கின. ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகே அந்த ஊரைக் காலி செய்யும்படி அரசு சொன்னது. கல்பாக்கத்துக்கு அந்தத் தொலைவில் இருப்பது வண்டலூரும் தாம்பரமும்.

அணு விபத்து வேண்டாம், மழை போதும் நமக்கு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. புறநகரில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் கோபுரம் வேலை செய்யவில்லை. கல்பாக்கத்தில் மின்சாரம் போகக்கூடிய நாள் என்று ஒன்று இருந்தால் அது இப்படிப்பட்ட நாளாகத்தான் இருக்கும். தொட்டியின் ஆறு நாள் ஓடத் தொடங்கும் அதே மணியில் முடிச்சூரில் படகு ஓடும்.

எனவே வண்டலூர்க்காரர் கேட்க வேண்டியவை எளியவை. உலை, தொட்டி, கழிவுக் கலம் மூன்றுக்கும் குளிர்விப்பு நின்றால் உள்ள அவகாசத்தைத் தமிழில் அறிவியுங்கள். வேலிக்குள் நடப்பதானாலும் வரம்பை மீறிய கதிர்வீச்சு எந்தப் பணியாளருக்கு நேர்ந்தாலும் அடுத்த நாளே சொல்லுங்கள். சிறியதை உடனே சொல்பவரைத்தான் பெரிய நாளில் ஊர் நம்பும். வேலிக்கு வெளியே உள்ள கதிர்வீச்சு அளவுமானிகளின் எண்ணை, மழைமானியின் எண்ணைப் போல, எல்லோரும் பார்க்க வையுங்கள். ஒத்திகையை வட்டத்துக்குள் முடித்துவிடாமல், வட்டத்திலிருந்து வருபவர்களை வாங்கிக்கொள்ளும் ஊர்களிலும் நடத்துங்கள். கிளாம்பாக்கத்தின் நடைமேடைகளும் ஜி.எஸ்.டி. சாலையோரக் கல்லூரி மைதானங்களும் அந்தத் திட்டத்தில் பெயரோடு இருக்க வேண்டும். உள்ளே போகும் தண்ணீர் லாரிக்கும் ஜெனரேட்டர் வண்டிக்கும் எதிர்த் திசையில் ஒரு தடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

புதிய சட்டமோ புதிய அதிகாரியோ இதற்குத் தேவையில்லை. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தபோதும் கல்பாக்கமும் வண்டலூரும் ஒரே மாவட்டத்திலேயே இருந்தன. வேலிக்கு வெளியே அவசரகாலத்தை நடத்தும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. கல்பாக்கத்துக்குப் பொறுப்பான ஆட்சியரின் கையெழுத்தே வண்டலூர்க் கோப்புக்கும் போகிறது.